சுந்தரராமனின் முழுக்கைச் சட்டை

பயந்தாங்கொள்ளிகளை எனக்குப் பிடிக்காது. சுந்தரராமனை வெகுநாள் பிடிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில், பார்சிப்பனியில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அடுத்த கட்டிடத்தில் அவனும் அவன் மனைவி ஷ்யாமளாவும் இருந்தார்கள். பம்புகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினீயர். வேலையில் கெட்டிக்காரன் என்று என் கணவர் வாஞ்சிநாதன் சொல்வார். இருக்கட்டும். ஆனால் அவனுக்கு ஃப்ரீவே என்றால் பயம், நாய் என்றால் பயம், போலீஸ் கார் தானுண்டு தன் வேலையுண்டு என்று பின்னால் வந்தாலும் பயம். டெலிபோன் அடித்தால் ஊரிலிருந்து கெட்ட செய்திதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஷ்யாமளாவை எடுக்கச் சொல்லிவிட்டுச் சுவரோரமாக நிற்பான். இந்தப் பயங்களையெல்லாம் நாங்கள் கேலி செய்வோம், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். ஒரு பயத்தை மட்டும் அவன் யாருக்கும் காட்டியதில்லை.

ஜூலை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். கழுத்துப் பட்டன் உட்பட எல்லாம் பூட்டியிருக்கும். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஏரிக்கு பிக்னிக் போனால், மற்ற ஆண்கள் தண்ணீரில் கிடக்க, இவன் மரத்தடியில் சிப்ஸ் பாக்கெட்டைக் காவல் காத்துக்கொண்டிருப்பான். ஆவணி அவிட்டத்துக்கு எங்கள் பேஸ்மென்ட்டில் இருபது பேர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பூணூல் மாற்றிக்கொள்வார்கள். அவன் வரவே மாட்டான். அமெரிக்கா வந்ததும் அனுஷ்டானம் எல்லாம் காற்றில் பறந்துவிட்டது என்று நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக மாற்றிக்கொள்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

விஷயம் இதுதான். அமெரிக்கா வந்த மறு வருஷம் அவன் தோள்பட்டையில் நாலணா அகலத்துக்கு ஒரு வெள்ளை விழுந்தது. தேமல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது முதுகில் இறங்கி, விலாவைச் சுற்றிக்கொண்டு மார்புக்கு வந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றுமில்லை, தோலின் நிறம் மட்டும்தான் போகும் என்றார். நம் ஊரில் அதற்கு வெண்குஷ்டம் என்று பெயர். குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு எடுத்த ஜாதகம் மறுநாளே திரும்பி வந்துவிடும்.

சுந்தரராமனுக்கு ஒரே தங்கை, ஸ்வர்ணா. மெட்ராஸில் அம்மாவோடு இருந்தாள். அப்பா காலமாகிவிட்டார். ஆகவே வெள்ளையை அவன் யாருக்கும் காட்டவில்லை. போகப் போக ஷ்யாமளாவுக்கும் காட்டவில்லை. ஆரம்பத்தில் அவளிடம்தான் மருந்து தடவிக்கொண்டான். மருந்து கேட்கவில்லை என்றானதும் பனியனோடு படுக்க ஆரம்பித்தான். பாத்ரூமை உள்ளே பூட்டிக்கொண்டு கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பானாம். கதவுக்கு வெளியே அவள் நின்றுகொண்டிருப்பாளாம்.

அந்த ஸ்வர்ணாவைத்தான் என் அக்கா பர்வதத்தின் பையனுக்கு நிச்சயம் பண்ணியது. பண்ணி வைத்ததே நான்தான். பர்வதம் லேசுப்பட்டவள் இல்லை. அதற்கு முன் பார்த்த பெண்களில் ஒருத்திக்குப் பல் வரிசை சரியில்லை, ஒருத்திக்கு நடை சரியில்லை, ஒருத்தியின் சித்தப்பாவுக்கு ஆஸ்துமா. ஸ்வர்ணாவிடம் மட்டும் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆவணியில் மயிலாப்பூரில் கல்யாணம் என்று ஆனது.

அப்பா இல்லாத பெண். அண்ணாதான் மணையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்ய வேண்டும். எங்கள் கல்யாணங்களில் மணையில் உட்காருகிற ஆண்பிள்ளை பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு, அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மேலே வெறும் பூணூலோடு உட்கார வேண்டும். மண்டபம் முழுக்க ஜனம், ட்யூப்லைட், போட்டோக்காரன். சட்டைக்கு அங்கே இடமில்லை.

ஏப்ரல் மாதம் சுந்தரராமன் போன் பண்ணி, கிரீன் கார்டு நடந்துகொண்டிருக்கிறது, இப்போது நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடமாட்டார்கள், சித்தப்பா மணையில் உட்காருவார் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரே தங்கையின் கல்யாணத்தைவிட அந்த அட்டை உசத்தியா என்று கேட்டேன். இல்லை மாமி, இல்லை மாமி என்றானே தவிர, வருகிறேன் என்று சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று வாஞ்சிநாதனிடம் சொல்லி ரிசீவரை வைத்தேன்.

ஜூனில் அவனுடைய பாஸ் ஹெரால்ட் கூப்பிட்டார். அவனுடைய கிரீன் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பவரே அவர்தான். அவருக்கும் மனைவி டோரதிக்கும் இருபத்தைந்தாவது கல்யாண நாள், மலைப்பக்கத்தில் தங்கள் க்ளப்பில் சனி, ஞாயிறு கொண்டாடுகிறோம், ஷ்யாமளாவை அழைத்துக்கொண்டு அவசியம் வர வேண்டும் என்றாராம். அது ஒரு நேச்சரிஸ்ட் க்ளப் என்றும் சொல்லியிருக்கிறார். இவன் நேச்சர், மரம், குருவி என்று நினைத்துக்கொண்டான். ‘க்ளோதிங் இஸ் ஆப்ஷனல், உனக்கு ஆட்சேபணை இல்லையே?’ என்றும் கேட்டிருக்கிறார். கோட்டும் டையும் வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ‘நோ ப்ராப்ளம் சார்’ என்றானாம். ஹெரால்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்தியர்கள் இத்தனை பரந்த மனசுக்காரர்கள் என்று தெரியாமல் போயிற்றே என்று முதுகில் தட்டினாராம்.

கல்யாண நாளுக்கு வெறுங்கையோடு போகலாமா? ஷ்யாமளா பெட்டியில் வைத்திருந்த புதுக் காஞ்சிபுரம் புடவையையும், ஜரிகைக் கரை போட்ட பட்டு வேஷ்டி அங்கவஸ்திரத்தையும் எடுத்துத் தாம்பாளத்தில் பழம், மஞ்சள், குங்குமத்தோடு வைத்துக் கட்டினாள். குருவி பார்க்க எங்கள் வீட்டு பைனாகுலரை இரவல் வாங்கிப் போனார்கள். வாஞ்சிநாதன்தான் ஃபோகஸ் பண்ணச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

கேட்டைத் தாண்டிக் காட்டுப் பாதையில் திரும்பியதும் ஒரு கிழவர் இலை வாரிக்கொண்டிருந்தார். தலையில் தொப்பி, காலில் ஷூ, நடுவில் ஒன்றுமில்லை. பாவம், புத்தி பிசகியவர் என்று சுந்தரராமன் கார்க் கதவுகளை லாக் பண்ணினான். அடுத்த வளைவில் ஒரு தம்பதி ஐஸ் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களும் அப்படியே. ஷ்யாமளா தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, ரிவர்ஸ் எடுங்கோ, ரிவர்ஸ் எடுங்கோ என்று ஜபிக்க ஆரம்பித்தாள். பின்னால் இன்னொரு கார் வந்து நின்றுவிட்டது. எதிரே ஹெரால்ட் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். தோளில் ஒரு டவல், மணிக்கட்டில் வாட்ச். அப்போதுதான் தன் கழுத்தில் பைனாகுலர் தொங்குவது சுந்தரராமனுக்கு நினைவு வந்தது. அதைப் பிடுங்கி சீட்டுக்கடியில் தள்ளுவதற்குள் வியர்த்துவிட்டதாம்.

அவர்கள் முகத்தைப் பார்த்ததும் ஹெரால்டுக்குப் புரிந்துவிட்டது. உடம்பு முழுக்கச் சிவந்துபோனார். தெளிவாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேனே என்று தவித்தார். திரும்பிப் போவதானால் போகலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், இருப்பதானால் இப்படியே உடுப்போடு இருக்கலாம், உங்களுக்கென்று ஒரு கேபின் இருக்கிறது என்றார். நல்ல மனுஷன். ஆனால் தப்பாக நினைக்க மாட்டேன் என்று ஒரு பாஸ் சொன்னால் அதை நம்புகிற தைரியம் சுந்தரராமனுக்கு ஏது? கார்டு போகும், வேலை போகும், பிறகு மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும், போனால் மணையில் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் கடைசியில் அந்தச் சட்டையில் வந்து நின்றது. இருக்கிறோம் சார் என்றான்.

ஷ்யாமளா கேபினுக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்து ஊக்குக் குத்திவிட்டாள். அவன் மட்டும் ஷாமியானாவின் கீழே, முழுக்கைச் சட்டையும் கழுத்துப் பட்டனுமாக ஒரு மூலையில் உட்கார்ந்தான். நாற்பது ஐம்பது பேர். ஆளுக்கு ஒரு டவலை நாற்காலியில் போட்டு உட்கார்ந்து, நம்மூர் பஜனை மடத்தில் பேசிக்கொள்கிற மாதிரி தோட்டம், வரி, முழங்கால் வலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவனைத்தான் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வெயிலில் உடம்புக்கு ஏதாவதா என்று ஒரு அம்மாள் வந்து விசாரித்தாள். அடுத்த வார்த்தை ‘சட்டையைக் கழற்றேன்’ என்பதுதான் என்று அவன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பேப்பர் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு சாலட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் பிற்பகலை ஓட்டினான்.

அந்தத் தட்டுக்கு எதிரே டோரதி வந்து உட்கார்ந்தாள். கம்பெனி கிறிஸ்துமஸ் பார்ட்டியில் ஒரு தடவை பார்த்திருக்கிறான், கழுத்து மூடிய கவுனில். இப்போது தலை நிமிர்ந்தவன் கண்ணை எடுக்க முடியாமல் போனான். வெயிலில் காய்ந்து காய்ந்து செம்பு நிறமாகியிருந்த அந்த அம்மாளின் தோளில், வயிற்றில், கையில் எல்லாம் பால் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. அவன் பாத்ரூம் கண்ணாடியில் பார்த்து வந்த அதே வெள்ளை. பாஸின் மனைவியை, அதுவும் இந்தக் கோலத்தில், முறைத்துப் பார்க்கிறோமே என்ற பயம் ஒரு பக்கம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவள் கவனித்துவிட்டாள். இருபது வயதிலிருந்து இருக்கிறது, ஒட்டிக்கொள்ளாது, பயப்படாதே என்றாள். அதற்கு அவன் கேட்ட கேள்வியை ஷ்யாமளா சொன்னபோது என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் பெண்களுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டானாம். ஆயிற்று, இரண்டு பேருக்கும் ஆயிற்று, ஒன்று முறிந்துவிட்டது என்றாள் டோரதி. இதனாலா என்று இவன் பதறியிருக்கிறான். எதனால் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. குடிகாரன், அதனால் விரட்டிவிட்டாள் என்றாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னாடியே தெரியுமா என்று விடாமல் கேட்டான். யார் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டாள்.

சாயங்காலம் கேக் வெட்டிப் பரிசுகளைப் பிரித்தார்கள். தாம்பாளத்தை ஹெரால்ட் அவிழ்த்துப் புடவையையும் வேஷ்டியையும் தூக்கிக் காட்டியதும் ஷாமியானாவே அதிர்கிற மாதிரி சிரிப்பு. துணியே உடுத்தாத இடத்தில் துணி கொண்டுவந்து கொடுத்தவன் அவன் ஒருவன்தான். தொலைந்தோம் என்று சுந்தரராமன் கண்ணை மூடிக்கொண்டான். டோரதி மட்டும் சிரிக்கவில்லை. புடவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதை எப்படிக் கட்டுவது என்று கேட்டாள்.

கூப்பிட்டு அனுப்பியதும் ஷ்யாமளா கேபினிலிருந்து வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, கொசுவம் வைத்து, தலைப்பைத் தோளில் போட்டுவிட்டாள். கட்டிவிடும்போது கை அந்த வெள்ளையில் படாமல் இருக்குமா? மற்ற இடம் போலவேதான் இருந்தது மாமி, வழவழன்னு, சூடா இருந்தது என்றாள் என்னிடம். தன் கணவனின் முதுகைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்ததாம்.

அடுத்து ஹெரால்டின் முறை. சுந்தரராமன் அவருக்கு வேஷ்டியைக் கட்டிவிட்டான். மேலே என்ன போடுவீர்கள் என்று ஹெரால்ட் கேட்டார். ஒன்றும் கிடையாது சார், அங்கவஸ்திரமும் இடுப்பில்தான் என்றான். கல்யாணத்திலா, எல்லோர் எதிரிலுமா என்றார். ஆமாம் சார். அப்படியானால் நீங்கள் பாதி வழி வந்துவிட்டவர்கள், எப்படி இருக்கும் என்று காட்டு என்றார் ஹெரால்ட், விளையாட்டாக.

பொய் சொல்ல அவனுக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சட்டைக்காக எத்தனையோ பொய் சொன்னவன்தான். ஏனோ அன்றைக்கு வரவில்லை. கை கழுத்துக்குப் போனது, பட்டன் அகப்படவில்லை. ஷ்யாமளா பக்கத்தில் வந்து கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். பிறகு மற்றதையெல்லாம் கழற்றினாள். பனியனையும் தலைவழியாக உருவினாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. டோரதி எழுந்து வந்து, கடையில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு ஒத்துப் பார்க்கிற மாதிரி, தன் கையை அவன் தோளோடு வைத்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள்.

இதோடு பயம் தெளிந்தது என்று நினைக்காதீர்கள். திரும்பி வரும்போது அவன் பயம் இரட்டித்துவிட்டது. அவர்கள் எதிரில் நிற்பது பெரிய காரியமில்லை, அவர்களுக்குத் தங்கை ஜாதகம் தெரியாது, மாமிக்குத் தெரியுமே என்று ஷ்யாமளாவிடம் சொல்லிக்கொண்டே வந்தானாம். மாமி என்றால் நான். ஊரில் அத்தனை பேர் இருக்க, அவன் இத்தனை நாளும் ஒளிந்துகொண்டது என் கண்ணிலிருந்துதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். காபி கொடுத்தேன். குடிக்காமல் கதை முழுவதையும் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டும் தலையில் அடித்துக்கொண்டும் கேட்டேன், ஷ்யாமளா கழுத்துப் பட்டனைக் கழற்றிய இடம் வரும்வரை. அப்போது அவன் எழுந்து நின்று சட்டையைக் கழற்றினான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் படுகிற பாடு என் கண்ணில் படவில்லை, பர்வதத்தின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

“மாமி, கல்யாணத்துக்கு நான் வரேன். மணையில நான்தான் உக்காருவேன். ஹெரால்ட் லாயர்கிட்ட பேசி பர்மிஷன் வாங்கித் தரேன்னுட்டார். அதுக்கு முன்னாடி நீங்க இதைப் பாத்துடணும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்கோ. பந்தல் போட்டப்புறம் சொல்லாதீங்கோ.”

“ஸ்வர்ணாவுக்கு இருக்கா?”

“இல்லை.”

“வருமா?”

“தெரியாது மாமி. டாக்டருக்கே சொல்லத் தெரியலை.”

வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவன் மார்பு விசிறி போல் அடித்துக்கொண்டது வெளியே தெரிந்தது. இப்படி உதறிக்கொண்டும், சட்டையை எடுக்கக் குனியாமல் நின்றான். வாஞ்சிநாதன் என்னையே பார்த்தார்.

“போட்டுக்கோ,” என்றேன். “இனிமே மணையில கழட்டினாப் போறும்.”

ஷ்யாமளா அழுதுவிட்டாள். அவர்கள் போன பிறகு பயம் என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ரிசீவரை எடுத்து எடுத்து வைத்துவிட்டு, ஒருவழியாக மெட்ராஸுக்கு போன் போட்டேன். சொல்லி முடித்ததும் பர்வதம், பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் டெலிபோன் அடித்தால் நான் வாஞ்சிநாதனை எடுக்கச் சொன்னேன். கடைசியில் அவள்தான் கூப்பிட்டாள். பையன் ஸ்வர்ணாவைத்தான் பண்ணிக்கொள்வேன் என்கிறான், தொலையட்டும், ஆனால் ஜனங்களுக்குத் தெரியக்கூடாது, அவன் அங்கவஸ்திரத்தை மேலே போர்த்திக்கொண்டு உட்காரட்டும், இல்லாவிட்டால் நடக்கிறதே வேறு என்றாள். இதை அப்படியே சுந்தரராமனிடம் சொன்னேன். சரி மாமி என்றான்.

மயிலாப்பூர் மண்டபத்தில் முகூர்த்த நேரம். கையில் சந்தனப் பேலாவோடு மணைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அறையிலிருந்து சுந்தரராமனும் ஷ்யாமளாவும் வந்தார்கள். பஞ்சகச்சம் கட்டியிருந்தான். அங்கவஸ்திரம் இடுப்பில் இருந்தது, சாஸ்திரப்படி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. முன் வரிசையில் பேச்சு நின்றது, அது அப்படியே பின்னால் வரை போய், மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் கால் நடுங்குவது கச்சத்தின் மடிப்பில் தெரிந்தது. ஆனாலும் நடந்து வந்து மணையில் உட்கார்ந்தான்.

பர்வதம் என் முழங்கையைப் பிடித்தாள், வளையல் அழுந்துகிற அளவுக்கு. “சொன்னேனோல்லியோ?” என்றாள். நான் திரும்பவில்லை. இவள் இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று எனக்கு உயிரே இல்லை. புரோகிதர் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். எங்கள் வழக்கப்படி, தாலி கட்டும்போது பெண்ணைக் கொடுப்பவர் மடியில்தான் அவள் உட்கார வேண்டும். ஸ்வர்ணா வந்தாள். அண்ணாவை ஒரு கணம் பார்த்தாள். மடியில் உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, பூச்சூடிய தலையை அவன் தோளில் வைத்துக்கொண்டாள். அத்தனை வருஷமாக அவளுக்காகத்தான் அவன் மூடி வைத்திருந்த தோள் அது.

புரோகிதர் கெட்டி மேளம் என்று கையை உயர்த்தினார். என் முழங்கையில் பர்வதத்தின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

“நடுங்காதே அண்ணா,” என்றாள் ஸ்வர்ணா. “பூ உதிர்றது.”